காய்ச்சல் போன பிறகும் போகாத சோர்வு

கடைசியாகக் கடுமையான காய்ச்சல் வந்த நாளை நினைத்துப் பாருங்கள். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. டி.வி. சத்தம் எரிச்சலாக இருந்தது. ஆசையாகச் சாப்பிடும் குழம்பு வாய்க்கு ருசிக்கவில்லை. போர்வையை இழுத்து மூடி, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. தளியின் மார்கழிக் குளிரில் அந்தக் காய்ச்சல் வந்திருந்தால் இன்னும் மோசம்.

கிருமி இருந்தது தொண்டையில். பேச்சும் பசியும் ஆசையும் போனது எப்படி?

உடம்பில் நடப்பது மனதை எப்படிக் கீழே இழுக்கிறது, காய்ச்சல் விட்ட பிறகும் சிலருக்கு அந்தச் சோர்வு ஏன் விடுவதில்லை, அப்படி இருந்தால் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் இருக்கும் நீங்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு சொல். காலில் முள் குத்தி, எடுக்காமல் விட்டால் மறுநாள் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதற்குப் பெயர் அழற்சி (கிருமியையோ காயத்தையோ எதிர்க்க உடம்பு தானே கிளப்பும் சூடும் வீக்கமும்). ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ரத்தம் அந்த இடத்துக்கு அதிகமாக ஓடுகிறது, எதிர்ப்பு செல்கள் வந்து குவிகின்றன, கிருமியைக் கொல்கின்றன. வேலை முடிந்ததும் வீக்கம் வடிந்துவிட வேண்டும். வடிந்துவிட்டால் அது உடம்பு நமக்குச் செய்த உதவி.

எங்கோ இருக்கும் செல்களுக்கு இங்கே முள் குத்தியது எப்படித் தெரிகிறது? ராகி அறுப்புக் காலத்தில் நம் பக்கத்துக் கிராமங்களில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளிக் காடுகளுக்கு வருகிறது. முதலில் பார்த்தவர் அடுத்த ஊருக்குப் போன் போடுகிறார். அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்குச் சேதி போகிறது. டார்ச், பட்டாசு, தகர டப்பா எல்லாம் தயாராகின்றன. பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். உடம்புக்குள் இப்படிச் சேதி கொண்டுபோகும் பொருள்களுக்கு சைட்டோகைன் (எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரசாயனச் சேதி) என்று பெயர்.

அந்தச் சேதி மூளைக்கும் போகிறது. ரத்தத்தில் வருவதையெல்லாம் உள்ளே விடாத தடுப்பு ஒன்று மூளைக்கு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் வயிற்றிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் மூளைக்கு ஓடும் வேகஸ் நரம்பு (உள்ளுறுப்புகளின் நிலையை மூளைக்குச் சொல்லும் நீண்ட நரம்பு) சேதியை நேராகக் கொண்டுபோகிறது. தடுப்பு மெல்லியதாக இருக்கும் சில இடங்களும் உண்டு. சேதி கிடைத்ததும் மூளையின் சொந்தக் காவல் செல்கள் விழித்துக்கொள்கின்றன. பிறகு மூளை உடம்புக்கு உத்தரவு போடுகிறது: படு, வெளியே போகாதே, யாரோடும் சேராதே, சக்தியை மிச்சம் பிடி.

காய்ச்சல் கண்ட மாடு தீவனத்தைத் தொடாமல் ஓரமாக ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெஞ்சமின் ஹார்ட் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் 1988-ல் இதைப் பற்றி எழுதினார். அப்படி ஒதுங்குவது பலவீனத்தால் மட்டும் நடப்பதில்லை, காய்ச்சலைக் கிளப்பிக் கிருமியைக் கொல்லத் தேவையான சக்தியை உடம்பு திட்டமிட்டுச் சேமிக்கிறது என்பது அவர் சொன்னது. மனிதருக்கும் அதே ஏற்பாடுதான்.

அப்படியானால் காய்ச்சலில் வரும் சோர்வும் மனச்சோர்வு நோயும் ஒன்றா? ஒன்று அல்ல. ஆனால் இரண்டுக்கும் பொதுவான அடையாளங்கள் பல. பசி போவது, தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, ஆட்களைத் தவிர்ப்பது, உடம்பு பாரமாக இருப்பது, யோசனை மெதுவாவது எல்லாம் இரண்டிலும் உண்டு. காய்ச்சல் சோர்வு நாலைந்து நாளில் விடும். மனச்சோர்வு விடாது. அதோடு ‘நான் எதற்கும் உதவாதவள்’, ‘நான் இல்லாவிட்டால் வீட்டுக்கு நிம்மதி’ என்ற எண்ணங்களும் சேர்ந்துகொள்ளும். அந்த எண்ணங்கள் சாதாரணக் காய்ச்சலில் வருவதில்லை.

யானை காட்டுக்குள் திரும்பிப் போய்விட்டது, ஆனால் ‘போய்விட்டது’ என்று யாரும் சேதி சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் எத்தனை நாள் தூங்காமல் இருக்கும்? மெலிதாக, வெளியே வீக்கமாகத் தெரியாமல், மாதக் கணக்கில் ஓடும் அழற்சியின் நிலை இதுதான். உடம்பில் சேதி ஓடிக்கொண்டே இருக்கிறது, மூளையும் ‘ஒதுங்கு, படு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இது வெறும் ஊகம் என்று நினைக்க வேண்டாம். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு, இன்றைய மாத்திரைகள் வருவதற்கு முன்பு, இன்டர்ஃபெரான் (உடம்பு சுரக்கும் ஒரு சைட்டோகைனை மருந்தாக்கியது) என்ற ஊசியை மாதக் கணக்கில் போட்டார்கள். அதற்கு முன் மனநலக் குறை எதுவும் இல்லாதவர்களில்கூடப் பலர் சில வாரங்களில் முழு மனச்சோர்வுக்குள் விழுந்தார்கள். பல ஆய்வுகளில் நான்கு பேரில் ஒருவர், சிலவற்றில் மூன்று பேரில் ஒருவர். அவர்கள் வாழ்க்கையில் புதிதாகத் துக்கம் எதுவும் வந்துவிடவில்லை. சைட்டோகைனை ஊசியில் ஏற்றினார்கள், மனம் கீழே போனது. என் பார்வையில் இதைவிடத் தெளிவான சாட்சி இந்தத் துறையில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்துப் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வரும் பெரிய ஆய்வு ஒன்று நடக்கிறது. ஒன்பது வயதில் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 (முக்கியமான சைட்டோகைன்களில் ஒன்று) அதிகமாக இருந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. 2014-ல் இந்த முடிவு வெளியானது. அழற்சி முன்னால் வருகிறது, சோர்வு பின்னால் வருகிறது என்பதற்கு இது ஒரு தடயம்.

ஆனால் பாதை ஒரு பக்கமாக மட்டும் ஓடவில்லை. நீண்ட கவலையும் பயமும் உடம்பில் அழற்சியைக் கூட்டுகின்றன. நியூசிலாந்தின் டுனீடின் நகரில் பிறந்த ஆயிரம் பேரைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்த ஆய்வு, சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் ரத்தத்தில் முப்பத்திரண்டு வயதிலும் அழற்சியின் அடையாளம் அதிகமாக இருப்பதை 2007-ல் காட்டியது. தளி, அஞ்செட்டி மலைக் கிராமங்களில் பள்ளி முடிக்காத பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கல்யாணம் நடக்கிறது. அந்தப் பிள்ளையின் பயம் மனதோடு நின்றுவிடும், போகப் போகச் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பயம் ரத்தத்தில் இருபது வருஷம் தங்கக்கூடும். அப்படி ஏற்பாடு நடப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள்.

சரி, உள்ளே என்னதான் கெட்டுப்போகிறது? விளக்கம் முழுமையாக இன்னும் கிடைக்கவில்லை. ஓரளவு தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை, பால் முதலியவற்றிலிருந்து டிரிப்டோஃபான் என்ற சத்து கிடைக்கிறது. மூளை அதிலிருந்து செரடோனின் (மனநிலையையும் தூக்கத்தையும் சீராக வைக்க உதவும் பொருள்) செய்கிறது. அழற்சி இருக்கும்போது அந்தச் சத்து வேறு பாதைக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஆசையையும் முனைப்பையும் தரும் டோபமினின் வேலையும் மந்தமாகிறது. ‘செய்ய முடியும், ஆனால் செய்யத் தோன்றவில்லை’ என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா மனச்சோர்வும் அழற்சியால் வருவது இல்லை. மனச்சோர்வு உள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் சி.ஆர்.பி. (அழற்சி இருந்தால் கல்லீரல் அதிகமாகச் சுரக்கும் புரதம்) கூடுதலாக இருக்கிறது. மற்றவர்களுக்குக் குடும்ப வழி, இழப்பு, கடன், தனிமை, குடி, பிரசவத்துக்குப் பின் வரும் மாற்றம் என்று வேறு வழிகள் இருக்கின்றன. பல வழிகள் ஒன்றாகச் சேர்வதும் உண்டு.

அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தால் மனச்சோர்வு தீருமா? இதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத 60 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு மூட்டுவாதத்துக்குப் போடும் இன்ஃபிளிக்ஸிமாப் என்ற மருந்தையும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரையும் ஏற்றினார்கள். 2013-ல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் தொடக்கத்தில் சி.ஆர்.பி. அதிகமாக இருந்தவர்களுக்கு மருந்து ஓரளவு உதவியதுபோல் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு உப்புநீரே மேலாக இருந்தது. ஆகவே இன்று எந்த மனநல மருத்துவரும் மனச்சோர்வுக்கு முதல் மருந்தாக இதை எழுதுவதில்லை. ஆராய்ச்சி நடக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் நாமே ஒரு வலி மாத்திரை போட்டுப் பார்க்கலாமா? கூடாது. மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் போன்றவை தொடர்ந்து போட்டால் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீங்கள் ஏற்கெனவே செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் கவனம் தேவை. அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது. மூட்டு வலிக்கு யாரிடம் போனாலும் ‘நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று சீட்டைக் காட்டுங்கள்.

‘ஒரே ஊசியில் வலி பறந்துபோகும்’ என்று சொல்லிப் போடும் ஊசியிலும், பேர் ஒட்டாத மூட்டுவலிப் பொடியிலும் ஸ்டீராய்டு (அழற்சியை வேகமாக அடக்கும் வலுவான மருந்து) கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு நல்ல மருந்துதான், தேவையான நோய்க்குத் தேவையான அளவில் மருத்துவர் கொடுத்தால். கணக்கில்லாமல் உள்ளே போனால் தூக்கம் கெடும், தேவையில்லாத பரபரப்பு வரும், சிலருக்கு ஆழ்ந்த சோகமும் வரும். நாள்பட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. என்ன ஊசி என்று கேட்பது உங்கள் உரிமை. சொல்ல மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த நோய்கள் இந்தச் சேதியை நிற்காமல் ஓடவிடுகின்றன? கைவிரல் மூட்டுகள் காலையில் ஒரு மணி நேரம் மடங்காமல் வீங்கியிருக்கும் முடக்குவாதம், செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ், காசநோய், கட்டுக்குள் வராத சர்க்கரை, ரத்தம் கசியும் பல் ஈறு. இவை உள்ளவர்களில் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். தொப்பைக் கொழுப்பும் சும்மா இருப்பதில்லை. அதுவும் சைட்டோகைன் சுரக்கிறது. பீடியும் சிகரெட்டும் அதே வேலையைச் செய்கின்றன.

2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் புரட்டிப்போட்டது பலருக்கும் நினைவிருக்கும். காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. மூட்டு வலியும் எழுந்திருக்க மனமில்லாத நிலையும் பலருக்கு மாதக் கணக்கில் நீடித்தன. ‘காய்ச்சல்தான் போய்விட்டதே, இன்னும் என்ன படுக்கை?’ என்று வீட்டில் திட்டு வாங்கியவர்கள் உண்டு. கொரோனாவுக்குப் பிறகும் இதே கதையைக் கேட்டோம். அவர்கள் சோம்பேறிகள் இல்லை.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு குறிப்பு. எல்லா மூட்டு வலியும் அழற்சி இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013-ல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல வருஷம் ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி வலிக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. மருத்துவரிடம் போகும்போது எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இனி தூக்கம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். சில இரவுகள் சரியாகத் தூங்காவிட்டாலே அழற்சிச் சேதிகள் ரத்தத்தில் கூடத் தொடங்குகின்றன. கடிகாரம், இருசக்கர வண்டி, லாரி, செல்போன் பாகம் என்று ஓசூரைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் ஆயிரக்கணக்கானோர் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறார்கள். தளிப் பக்கத்தில் ராகிக் காட்டுக்குப் பரண் மேல் ஏறி விடிய விடிய யானைக்குக் காவல் இருப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் கெட்டுப்போவது அதே தூக்கம்தான்.

வேலையை விடுங்கள் என்று நான் சொல்ல முடியாது, அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் செல்போனைத் தூர வைத்துவிட்டு, ஜன்னலைக் கனத்த துணியால் மூடி, ஒரே நேரத்தில் படுங்கள். ஷிப்டின் பின்பாதியில் டீ வேண்டாம். ஹாஸ்டலில் ஒரே அறையில் மூன்று ஷிப்ட் ஆட்களைப் போட்டால் யாருக்கும் தூக்கம் இருக்காது. ஒரே ஷிப்டில் இருப்பவர்களை ஒரே அறையில் விடச் சொல்லி எல்லோரும் சேர்ந்து வார்டனிடம் கேளுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. காவலுக்குப் போகும் குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டால் ஒருவரே பத்து ராத்திரி விழிக்க வேண்டி வராது.

சாப்பாடு உதவுமா? கொஞ்சம் உதவும். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா தலைமையில் மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு 12 வாரம் காய்கறி, பருப்பு, முழுத் தானியம், மீன், கொட்டை வகைகள் உள்ள சாப்பாட்டுக்கு வழிகாட்டினார்கள். இன்னொரு பிரிவுக்குப் பேச்சுத் துணை மட்டும். சாப்பாட்டை மாற்றியவர்களில் மூன்றில் ஒருவர் குணமடைந்தார்கள். மற்றப் பிரிவில் நூற்றுக்கு எட்டுப் பேர். 2017-ல் வந்த சின்ன ஆய்வு இது, எல்லோருக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு நினைவு வருவது ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு, முருங்கைக் கீரை, நிலக்கடலை. நம் வீட்டு அடுப்பில் வெந்ததுதான். ஷிப்டுக்கு நடுவில் பேக்கரி பன்னும் இனிப்பு டீயும் மட்டுமே சாப்பாடாகிப்போன பிள்ளைகள் அதைத் திரும்பக் கொஞ்சம் தட்டுக்குக் கொண்டுவரலாம்.

மஞ்சள்? குழம்பில் போடுங்கள், நல்லது. மஞ்சள் மாத்திரை என்று டப்பாவில் விற்பதை வாங்கி மனநல மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டாம். அளவு மிஞ்சினால் சிலருக்கு அது கல்லீரலைக் கெடுத்திருக்கிறது.

நடப்பது நிச்சயம் உதவும். வேலை செய்யும் தசைகள் அழற்சியைத் தணிக்கும் பொருள்களை ரத்தத்தில் விடுகின்றன. நாள் முழுவதும் தோட்டத்தில் குனிந்து நிமிர்பவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஒரே இடத்தில் நின்று பாகம் பொருத்துபவருக்கும், நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவருக்கும் தினம் அரை மணி நேர நடை பெரிய வித்தியாசம் தரும். ஆனால் கடும் மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘எழுந்து நட, எல்லாம் சரியாகும்’ என்று விரட்டாதீர்கள். கூடப் போங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது? மனம் கீழே கிடப்பதோ, எதிலும் ஆசை இல்லாமல் போவதோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் பாதித்தால் காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் பூச்சிமருந்தையும் எலிமருந்தையும் பூட்டி, சாவியை வேறு ஒருவரிடம் கொடுங்கள். தோட்டம் உள்ள வீடுகளில் இந்த ஒரு காரியம் உயிரைக் காப்பாற்றும்.

சி.ஆர்.பி. சோதனை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்காதீர்கள். சாதாரணச் சளிக்கும், பல்வலிக்கும், டெங்குக்கும் அது ஏறும். அந்த எண்ணை வைத்து மனச்சோர்வு உண்டு, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவரிடம் கேட்டு ரத்த அளவு, தைராய்டு, சர்க்கரை, பி-12 ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. ரத்தசோகையும் தைராய்டு குறைவும் அப்படியே மனச்சோர்வுபோல் வேஷம் போடும், முக்கியமாகப் பெண்களுக்கு.

ஏற்கெனவே ஒரு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் மனச்சோர்வு வந்ததும் எதையும் தாங்களாக நிறுத்தக் கூடாது. காசநோய் மருந்துகளில் சிலவும் சிலருக்கு மனநிலையை மாற்றும். அதை மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றவோ கூடுதல் வைட்டமின் தரவோ அவருக்கு வழி தெரியும். மாத்திரையை நிறுத்தினால் காசநோய் முற்றும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று விட்டுவிட வேண்டாம்.

எங்கே போவது? முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எங்கே வருவார் என்று அங்கே கேளுங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. நோய் கடுமையானால் பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்). ஓசூரிலிருந்து போகும் அதே ஓசூர் ரோட்டில்தான் அது இருக்கிறது. 1974-லிருந்து இந்தப் பெயரில் நடக்கிறது. மனநோய்க்கும் உடம்பின் எதிர்ப்பு சக்திக்கும் உள்ள தொடர்பை ஆராய்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். நம் பக்கத்து ஆட்களுக்குத் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வரும் என்பதால் மொழிக்காகத் தயங்க வேண்டியதில்லை.

கம்பெனியில் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் மனநல சிகிச்சையும் அதில் அடங்கும். நோய்க்கால விடுப்புக்கு வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு போன்றவை இ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. தொடர்ந்து இரண்டு வருஷம் வேலையில் இருந்தவர்களுக்கு அவற்றுக்கு இன்னும் நீண்ட காலம், 80 சதவீதம் வரை கிடைக்க வழி உண்டு. ‘பைத்தியம் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்’ என்ற பயத்தில் பலர் இதைக் கேட்பதே இல்லை. சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

வெளியே போகவே முடியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இவ்வளவு இருந்தும் நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமல் இருந்தது தெரிந்தது. வெட்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம், உடம்பு வைத்தியம் செய்யும் இடத்தில் மனதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மனதைப் பார்க்கும் இடத்தில் மூட்டு வீக்கத்தைப் பற்றி நாமும் சொல்வதில்லை. இரண்டு இடத்திலும் இரண்டையும் சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்குச் சரியான மருந்து கிடைத்து வீக்கம் வடிந்த பிறகு மனம் தெளிந்தவர்கள் உண்டு. மனச்சோர்வு குறைந்த பிறகு சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியவர்களும் உண்டு.

வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அடுத்த முறை அந்தப் பெண் ஊழியர் உங்கள் வாசலுக்கு வரும்போது மாத்திரையை வாங்கிக்கொண்டு அப்படியே உள்ளே போய்விடாதீர்கள். ‘அம்மா, இரண்டு வாரமாக எதிலும் ஆசை இல்லை, தூக்கமும் இல்லை’ என்ற ஒரு வரியையும் சொல்லிவிடுங்கள்.